ஐசியூவில் 11 நாள்... இழுத்தடித்தார்களா?

கேள்வி: நிமோனியா வந்து என் 4 வயது மகன் குழந்தைகள் ஐசியூவில் 11 நாள் இருந்தான். பக்கத்துக் கட்டில் பெண் குழந்தைக்கும் நிமோனியாதான். 3 நாளில் வார்டுக்குப் போய்விட்டாள். 'வேறொரு மருத்துவமனையில் சராசரியே 3 நாள்தானாம், உங்களை இழுத்தடித்துவிட்டார்கள்' என்கிறார் உறவினர். மகன் இப்போது நன்றாக இருக்கிறான். ஆனாலும் மனசு ஆறவில்லை.
- ஒரு தாய்

பதில்: மகன் வீடு திரும்பியபோது கன்னத்தில் பிளாஸ்திரி ஒட்டிய சிவந்த தடம் இருந்ததா அம்மா? இருந்திருந்தால், வென்டிலேட்டர் குழாயை ஒட்டி வைத்த இடமாக இருக்கும். அந்தப் பெண் குழந்தைக்கு மூக்கு வழியாக ஆக்ஸிஜன் மட்டுமே போதுமாக இருந்திருக்கலாம். நோயின் பெயர் ஒன்றுதான், நுரையீரல் பட்ட பாடு வேறு. வென்டிலேட்டரைச் சட்டென்று எடுத்துவிட மாட்டோம். அதன் உதவியையும் மயக்க மருந்தையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, குழந்தை தானாக மூச்சு விடுகிறதா, சளியை இருமி வெளியே தள்ளுகிறதா என்று பார்த்த பிறகுதான் குழாயில் கை வைப்போம்.

சரி, அந்த 'சராசரி 3 நாள்' விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பிரிவின் மாதக் கணக்கு சில வருடங்கள் என் தலையில்தான் விழுந்தது. அதனால் சராசரி செய்யும் குறும்பு எனக்கு நன்றாகத் தெரியும். 10 குழந்தைகள் என்று வையுங்கள். 9 பேர் முறையே 1, 1, 2, 2, 2, 3, 3, 4, 5 நாள் இருக்கிறார்கள்; ஒரு குழந்தை மட்டும் 47 நாள். மொத்தம் 70, சராசரி 7. ஆனால் அந்தப் பத்துப் பேரில் ஒருவர்கூட 7 நாள் இருக்கவில்லை! வரிசைப்படுத்தி நடுவில் பார்த்தால் இரண்டரை நாள்தான் வரும்.

நாளை எண்ணுவதே ஆளுக்கொரு விதம். திங்கள் இரவு 11 மணிக்கு வந்து செவ்வாய் காலை 7 மணிக்குப் போன குழந்தை இருந்தது 8 மணி நேரம். தேதியை எண்ணினால் அது 2 நாள், நள்ளிரவை எண்ணினால் 1 நாள். அவசரப்பட்டு வார்டுக்கு அனுப்பி, மறுநாளே மூச்சுத் திணறலோடு திரும்பி வந்தால் அதை இரண்டு தனித்தனி சேர்க்கையாக எழுதுவதும் உண்டு. சராசரி அழகாகக் குறைந்துவிடும். சொல்லவே கஷ்டமாக இருக்கிறது, வந்த அன்றே இறந்துபோகும் குழந்தையின் கணக்கும் 1 நாள்தான். அதனால்தான் 1988-இல் வந்த பிரிசம், 1997-இல் வந்த பிம் போன்ற மதிப்பெண் முறைகளை வைத்து, குழந்தைகள் எவ்வளவு மோசமான நிலையில் வந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்கிறோம். அந்த மதிப்பெண் இல்லாமல் இரண்டு மருத்துவமனைகளின் நாட்களை அருகருகே வைத்துப் பேசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

இழுத்தடிப்பே நடக்காது என்று சொல்ல மாட்டேன். காலை ரவுண்ட்ஸில் 'வார்டுக்குப் போகலாம்' என்று எழுதிய குழந்தை, அங்கே கட்டில் காலியாகாமல் மறுநாள் வரை ஐசியூவிலேயே கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன். டிஸ்சார்ஜ் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். குழாயை எடுத்தது எந்த நாள், ஆக்ஸிஜனை நிறுத்தியது எந்த நாள்? குழாய் 9-ஆம் நாள்தான் வெளியே வந்திருந்தால் 11 நாள் சரியான கணக்கு. 5-ஆம் நாளே எல்லாம் நின்றிருந்தால், அடுத்த முறை காட்டப் போகும்போது அந்தத் தாளை மேஜையில் வைத்து, மீதி 6 நாள் எதற்கு என்று கேளுங்கள்.