ஒட்டிய ஹெட்லைட்டுக்குள் நீர் கோக்கிறதா?

ஸ்விஃப்ட் ஹெட்லைட்டை வீட்டிலேயே பிரித்து, உள்சட்டத்துக்குக் கறுப்பு அடித்து, ஹார்டுவேர் கடை சிலிக்கானால் ஒட்டினீர்கள். முதல் மழைக்கே உள்ளே நீர் கோத்துவிட்டது என்கிறீர்கள். தயவுசெய்து மேலே இன்னொரு கோட்டு பூசாதீர்கள். உள்ளே இருக்கும் ஈரமும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும்.

முதலில் பின்பக்க ரப்பர் மூடியைப் பாருங்கள். நான் ஒருமுறை அதைச் சரியாக உட்கார வைக்காமல், இரண்டு நாள் பசையைத் திட்டிக்கொண்டிருந்தேன்! மூச்சுத் துளையில் பசை போயிருந்தால் எடுத்துவிடுங்கள். விளக்கு சூடாகி ஆறும்போது காற்று போய்வர அதுதான் வழி.

இரண்டும் சரி என்றால் மறுபடி பிரிக்கத்தான் வேண்டும். பியூட்டைல் (ரப்பர் போன்ற ஒட்டும் பசை) சூட்டில் இளகும், சிலிக்கான் இளகாது, பிளேடால் மெல்ல அறுக்க வேண்டும். வினிகர் வாடை அடிக்கும் வகை என்றால், அந்த ஆவி ரிஃப்ளெக்டரின் பளபளப்பையும் கெடுக்கலாம். முன்கண்ணாடி உட்காரும் பள்ளத்தில் பழைய சிலிக்கான் துளிகூட இருக்கக் கூடாது, அதன் மேல் வேறு பசை பிடிக்காது. சுரண்டி, ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, பியூட்டைல் கயிற்றைச் சுற்றிலும் வையுங்கள். இரு முனைகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கட்டும். ஹீட் கன்னால் இளக்கி, அழுத்தி, கிளாம்ப் போட்டு ஆறவிடுங்கள். ஒரே இடத்தில் சூடு காட்டினால் பிளாஸ்டிக் வளைந்துவிடும்.

ரிஃப்ளெக்டரை மட்டும் துணியால் துடைக்காதீர்கள், பூச்சு கையோடு வரும். அப்புறம், மாட்டியதும் இரவில் சுவரில் ஒளி அடித்து உயரத்தைச் சரிபாருங்கள்.