கேளுங்கள், ஆடிப் பார்த்துச் சொல்கிறேன்

கம்ப்யூட்டரில் ‘பால்டர்ஸ் கேட் 3’ ஆடுகிறேன். வார இறுதியில் நண்பர்களோடு மேசையில், அந்தக் கேமுக்கு மூலமான ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற பகடை உருட்டிக் கதை சொல்லும் ஆட்டம். கேமில் விதிகளை நிறைய மாற்றியிருக்கிறார்கள். மேசை விதிகளை அப்படியே ஒரு ஆப்ஷனாகக் கொடுத்தால் என்ன?
– கல்லூரி மாணவர், கோவை

தாராளமாகக் கொடுக்கலாம். 2000-ல் வந்த ‘பால்டர்ஸ் கேட் 2’விலேயே மேசை விதிகளை ஒட்டி ‘கோர் ரூல்ஸ்’ என்று ஒரு கடின நிலை உண்டு. அதற்குக் கீழே ‘நார்மல்’. அதில் மந்திரவாதி சுருளைப் பார்த்து மந்திரத்தைத் தன் புத்தகத்தில் எழுதினால் தவறவே தவறாது, லெவல் ஏறும்போது ஹிட் பாயின்ட் (எவ்வளவு அடி தாங்கலாம் என்ற கணக்கு) முழுசாக விழும். கோர் ரூல்ஸில் இரண்டுமே பகடை விட்ட வழி.

நானும் வீறாப்பாகக் கோர் ரூல்ஸ் வைத்துத்தான் ஆடினேன். மந்திரவாதிக்கு ஹிட் பாயின்ட் போட நாலு முகப் பகடை, விழுந்தது ஒன்று. பேசாமல் முன்பு ‘சேவ்’ செய்து வைத்த ஆட்டத்தை லோட் செய்தேன். மறுபடி ஒன்று. மறுபடி லோட். நாலு விழுந்த பிறகுதான் சாப்பிடப் போனேன். சின்ன வயதில் தாயம் ஆடும்போது இப்படிச் செய்தால் ‘அழுகுணி ஆட்டம்’ என்று கட்டையைப் பிடுங்கியிருப்பார்கள். கம்ப்யூட்டர் அப்படிப் பிடுங்காது.

எண்களை மேசைப்படி மாற்றுவது சுலபம். உதாரணத்துக்கு ‘ஹேஸ்ட்’ என்ற வேக மந்திரம். அதைப் போட்டால் நம் முறை வரும்போது செய்யும் செயல், அதாவது ஆக்‌ஷன், ஒன்று கூடும். மேசை ஆட்டத்தின் 2014 விதிப்புத்தகத்தில் அது தரும் கூடுதல் ஆக்‌ஷனில் ஆயுதத்தால் ஒரே ஒரு அடிதான், இன்னொரு மந்திரம் போட முடியாது. பால்டர்ஸ் கேட் 3-ன் சாதாரண நிலையில் முழு ஆக்‌ஷனே கிடைக்கிறது. இதற்கு ஒரு சுவிட்ச் வைத்தால் போதும். ‘ரெடி’, அதாவது இன்னது நடந்தால் இன்னது செய்வேன் என்று காத்திருப்பது, அந்தச் சங்கதி வேறு. “அவன் கதவைத் திறந்ததும் அம்பு விடுவேன்” என்று மேசையில் சொன்னால் ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டர் தலையாட்டுவார். நீங்கள் வாயால் சொல்லும் எந்த நிபந்தனையையும் அவர் ஏற்கலாம். கேமில் அதற்கெல்லாம் முன்கூட்டியே மெனு எழுதி வைக்க வேண்டும். பால்டர்ஸ் கேட் 3-ல் ‘ரெடி’யே கிடையாது, அடிபடாமல் தற்காத்துக்கொள்ளும் ‘டாட்ஜ்’ஜும் இல்லை. பெரிய குறைதான், ஒத்துக்கொள்கிறேன்.

பால்டர்ஸ் கேட் 3-ல் இருக்கும் ‘கார்மிக் டைஸ்’ ஏமாற்றுவேலையா?
– வாசகி, திருச்சி

ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். தொடர்ந்து சொதப்பல் விழாமல் கேம் பகடையைக் கொஞ்சம் சாய்க்கிறது, அவ்வளவுதான். ஆனால் நீங்கள் கேட்காமலே அது ஆன் ஆகியிருக்கும். செட்டிங்கில் போய் அணைத்துவிடுங்கள். ஒரு விஷயம்: அணைத்த பிறகும் பூட்டுத் திறப்பது போன்ற திறன் சோதனையில் இருபது முகப் பகடையில் 20 விழுந்தால் ஜெயம், 1 விழுந்தால் தோல்விதான். 2014 விதிப்படி அது தாக்குதலுக்கு மட்டும். பூட்டைத் திறக்க 30 வேண்டுமென்றால், மேசையில் வெறும் 20-ஐ வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

மேசை விதி பிசகாத கேம் ஒன்று சொல்லுங்கள்.
– வாசகர், சேலம்

பிரான்ஸில் செய்த ‘சொலாஸ்டா’, 2021. ‘ரெடி’, ‘டாட்ஜ்’ இரண்டும் உண்டு. வேடிக்கை என்னவென்றால், அவர்களிடம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பெயரே கிடையாது. எல்லோரும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்ட விதித்தொகுப்பை மட்டும் வைத்துக் கட்டியது, மீதிக்குச் சொந்த சரக்கு. பெயரையும் சேர்த்து வாங்கிய பால்டர்ஸ் கேட் 3-தான் விதியை வளைத்தது. சொலாஸ்டாவில் கதை சுமார். சண்டைக்காக மட்டும் வாங்குங்கள்.