அப்பா பேச முடியாதபோது யார் பேசுவது?

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் உறவினர்கள் என்னிடம் கேட்கும் அதே கேள்விகள்தான் இந்த வாரக் கடிதங்களிலும் வந்திருக்கின்றன.

அப்பா பக்கவாதத்தில் நினைவிழந்து வென்டிலேட்டரில் இருக்கிறார். நான் மூத்த மகன். பத்து ஆண்டுகளாக அவரைக் கவனித்துவருவது என் தங்கை. முடிவெடுப்பது யார்?

அப்பா யாரையாவது எழுத்தில் நியமித்திருந்தால் அவர்தான். இல்லையென்றால் பல இடங்களில் சட்டமே ஒரு வரிசையை வைத்திருக்கிறது. பெரும்பாலும் கணவன் அல்லது மனைவி முதலில், அடுத்து வயதுவந்த பிள்ளைகள். இங்கிலாந்தில் அப்படி இல்லை. உறவு என்பதாலேயே அந்த அதிகாரம் அங்கே வந்துவிடாது. ஆகவே உங்கள் மருத்துவமனையில் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் மூத்தவர் என்பது மட்டும் ஒரு தகுதி ஆகாது. அப்பாவின் மனம் தங்கைக்குத்தான் தெரியும். கையெழுத்து உங்களுடையதாக இருந்தாலும், முதலில் அவரைப் பேச விடுங்கள்.

அம்மா என்ன விரும்புவார் என்று எங்களுக்குத் தெரியவே தெரியாது. இதைப் பற்றிப் பேசியதே இல்லை.

இப்படிச் சொல்லும் பலரிடம் துருவிக் கேட்டால் ஏதாவது கிடைக்கும். பக்கத்து வீட்டுக்காரர் மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தபோது அம்மா என்ன சொன்னார்? பாட்டியின் கடைசி நாட்களைப் பற்றி? ஒரு மகள் என்னிடம் "எதுவும் தெரியாது டாக்டர்" என்றுதான் தொடங்கினார். அம்மாவின் மூக்குக் கண்ணாடியைக் கைக்குட்டையில் சுற்றி மடியில் வைத்திருந்தார். அரை மணி நேரம் பேசியபின் அவருக்கு நினைவு வந்தது: பெரியம்மா இறந்த அன்று, "எனக்கு ஆள் அடையாளம் தெரியாமல் போனால் என்னை இழுத்துப்பிடித்து வைக்காதீர்கள்" என்று அண்ணியிடம் அம்மா சொல்லியிருக்கிறார்.

"உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று மருத்துவர் கேட்டால் உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். அந்தக் கேள்வியே தவறு என்பேன். அம்மாவே இந்தக் கட்டிலருகே நின்று இதையெல்லாம் பார்த்தால் என்ன சொல்வார் என்று யோசியுங்கள். தனியாக ஊகிக்கவும் வேண்டாம். 2006-இல் 16 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நோயாளியின் விருப்பத்தை உறவினர்கள் சரியாகச் சொன்னது சுமார் 68 விழுக்காடுதான். அவரை அறிந்த நான்கைந்து பேரைக் கேளுங்கள். எதுவுமே கிடைக்காவிட்டால், அவருக்கு எது நன்மை, எது வெறும் வேதனை என்பதை மருத்துவர்களோடு சேர்ந்து எடைபோடுவதுதான் வழி.

வெளியூரிலிருந்து நேற்று வந்த தம்பி, எல்லாச் சிகிச்சையும் செய்தே ஆக வேண்டும் என்று சண்டை போடுகிறான்.

நீங்கள் ஆறு மாதமாகக் கண்ட சரிவை அவர் ஒரே நாளில் பார்க்கிறார். அந்த அதிர்ச்சிதான் அப்படிக் கத்துகிறது. அனைவரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசுமாறு மருத்துவரிடம் கேளுங்கள். இத்தனை நாள் முழு சிகிச்சை, முன்னேற்றம் இல்லையென்றால் மீண்டும் கூடிப் பேசுவது என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்வது பல குடும்பங்களில் பலன் தந்திருக்கிறது. பிளவு நீண்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் டெரி ஷைவோ சாட்சி. 1990-இல் 26 வயதில் மயங்கி விழுந்தார். எழுத்தில் எதுவும் இல்லை. உணவு செலுத்தும் குழாயை எடுக்கச் சொன்னவர் கணவர், கூடாது என்றவர்கள் பெற்றோர். நீண்ட நீதிமன்றப் போராட்டத்துக்குப் பின் 2005 மார்ச்சில் அவர் இறந்தார்.

வென்டிலேட்டரை எடுக்கச் சம்மதித்தால் கொன்றதாகிவிடாதா?

இல்லை. மீளமுடியாத நிலையில் உயிரைப் பறிப்பது நோய். வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் மருந்து கடைசி மூச்சுவரை தொடரும், தொடர வேண்டும்.

கணவருக்கு நினைவு சில நேரம் தெளிகிறது, சில நேரம் குழம்புகிறது. இனி நானே முடிவெடுக்கலாமா?

இன்னும் இல்லை. குழப்பம் வந்துபோவதாலேயே முடிவெடுக்கும் திறன் போய்விட்டது என்று ஆகாது. அவர் தெளிவாக இருக்கும் நேரம் பார்த்து, காதுக்கருவி இருந்தால் மாட்டிவிட்டு, ஒரு நேரத்தில் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். மருத்துவரையும் அருகில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் சொல்வதை அவருடைய வார்த்தைகளிலேயே தேதி போட்டு எழுதிவையுங்கள்.