பதில்: கில்ஹோமன் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பார்லியாலா?

நண்பரே, ஸ்காட்லாந்தின் ஐலா தீவிலுள்ள கில்ஹோமன் ஆலையின் இரண்டு விஸ்கிகளில், மாக்கிர் பேயை விட '100% ஐலா'வில் புகைவாசம் குறைவாக இருப்பது உள்ளூர் பார்லியாலா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. மாக்கிர் பேக்கு மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) போர்ட் எலன் மால்ட் ஆலையிலிருந்து வருகிறது. மால்ட்டை உலர்த்தும்போது எரிக்கும் பீட் என்ற சதுப்புநிலக் கரிமண்தான் புகைவாசம் தருவது; அதன் அளவு இதில் 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு). மற்றதற்குத் தங்கள் பண்ணையில் விளைந்த பார்லியைத் தாங்களே தரையில் பரப்பி முளைகட்டுகிறார்கள்; பீட் சுமார் 20தான். போதாக்குறைக்கு ஆல்கஹால் முதலாவதில் 46%, இரண்டாவதில் 50%. இதில் பார்லியை எங்கே போய்த் தேடுவது!

பார்லிதான் தெரியவேண்டும் என்றால் ஐலாவின் இன்னொரு விஸ்கி ஆலையான புரூக்லாடி பக்கம் போங்கள். அவர்களுடைய 'கிளாசிக் லாடி', ஐலாவில் விளைந்த பார்லியில் செய்யும் 'ஐலா பார்லி' இரண்டுமே பீட் இல்லாதவை, இரண்டுமே 50%. பீப்பாய்கள் வேறுபடும், அதைத் தவிர்க்க வழியில்லை. சில சொட்டுத் தண்ணீர் விட்டு முகர்ந்து பாருங்கள். என் மூக்குக்கு 'ஐலா பார்லி'யில்தான் தானிய வாசம் தூக்கல்.