நாலு பேர் ஏறும் ஸ்டேஷனுக்கு எதற்குப் பணம்?

கேள்வி: நீலகிரி மலை ரயில் பாதையில் குன்னூர், ஊட்டி ரயில் நிலையங்களைச் சீரமைப்பது சரி. நடுவில் இருக்கும் வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் ஸ்டேஷன்களுக்கும் செலவழிக்க வேண்டும் என்கிறார்கள். அங்கே ஒரு நடைக்கு நாலைந்து பேர் ஏறினாலே அதிகம். அந்தப் பணத்தையும் பெரிய ஸ்டேஷன்களிலேயே போட்டால் என்ன? (ஒரு வாசகர், குன்னூர்)

பதில்: போடக்கூடாது. நாலைந்து பேர்தான் ஏறுகிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஏன் அவ்வளவு குறைவு? குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவே ஒரு நாளில் ஓடுவது விரல்விட்டு எண்ணும் நடைகள். ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ரோட்டுக்குப் போனால் பஸ் கிடைக்கிறது. அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஷிப்டு முடித்து வருகிறவர் எதில் ஏறுவார்?

ரயில்வேயின் கணக்கு இந்த நிலைமையை அப்படியே இறுக்கிவிடுகிறது. 2017-இல் திருத்திய முறைப்படி, ஒரு ஸ்டேஷனின் தரத்தைப் பெரும்பாலும் டிக்கெட் வருமானமும் பயணிகள் எண்ணிக்கையும் தீர்மானிக்கின்றன. எத்தனை குடிநீர்க் குழாய், எவ்வளவு நிழல், எத்தனை கழிப்பறை என்பது அந்தத் தரத்தைப் பொறுத்தது. ரயில் குறைவு, அதனால் ஆள் குறைவு, அதனால் தரம் குறைவு, அதனால் வசதி குறைவு. வசதி இல்லாத இடத்துக்கு யார் வருவார்கள்?

அப்புறம், எல்லாவற்றையும் டிக்கெட்டை வைத்தே அளக்கவும் முடியாது. கல்லாறுக்கு மேலே காட்டுக்குள் ஹில்குரோவ் இருக்கிறது. அங்கே டிக்கெட் வாங்க ஊரே இல்லை. ஆனால் நீராவி எஞ்சின் அங்கே நின்று தண்ணீர் பிடித்தால்தான் குன்னூர் வந்து சேரும். உங்கள் கணக்குப்படி முதலில் மூட வேண்டியது அதுதான்!

பணத்தைக் கொட்டினால் கூட்டம் வந்துவிடும் என்றும் நான் சொல்லவில்லை. சென்னையின் பறக்கும் ரயில் ஸ்டேஷன்களைப் பாருங்கள். மாளிகை போலக் கட்டினார்கள். பல தளங்கள் ஆண்டுக்கணக்கில் இருட்டாகக் கிடந்தன. பஸ்ஸோடு சரியாக இணைக்காமல் கான்கிரீட்டை மட்டும் உயர்த்தியதன் பலன் அது. கேத்திக்கு லிஃப்டும் கிரானைட்டும் வேண்டாம். ஒழுகாத கூரை, பூட்டிக் கிடக்காத கழிப்பறை, விளக்கு, ரோட்டிலிருந்து வயதானவர் தடுக்கி விழாமல் இறங்கி வரும் பாதை, இவ்வளவு போதும்.

இதற்கும் பணம் கிடைப்பது கஷ்டம் என்பது உண்மைதான். மழைக்காலத்தில் மண் சரிந்தால் தண்டவாளத்தை மீட்கும் செலவுதான் முன்னால் வந்து நிற்கும், அது நியாயமும்கூட. 2005-இல் இந்தப் பாதை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அதனால் பழைய மரவேலையைப் பிய்த்துவிட்டு அலுமினியத் தகடு அடித்துவிட முடியாது. பழையபடியே பழுது பார்க்க வேண்டும், அதற்குக் கை தேர்ந்த ஆட்கள் வேண்டும். எம்.பி. தொகுதி நிதி ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். கூடலூரிலிருந்து அவிநாசி வரை 6 சட்டமன்றத் தொகுதிகள் அதைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். எனக்கு நம்பிக்கை தருவது கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி. 2013 கம்பெனிச் சட்டம் பாரம்பரியக் கட்டடங்களைக் காப்பதையும் அந்தச் செலவில் சேர்த்திருக்கிறது. இந்த மலையின் பெயரைப் போட்டுத் தேயிலை விற்கிறவர்களிடம் நாம் உரிமையோடு கேட்கலாம்.

நடுவில் இருக்கிற ஊர்க்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்தப் பாதையை நடத்தும் ரயில்வேயின் சேலம் கோட்டத்துக்கு மனு எழுதும்போது, பள்ளிக்கும் ஷிப்டுக்கும் ஒத்துவரும் நேரத்தில் ஒரு ரயில் வேண்டும் என்று முதல் வரியில் கேளுங்கள். கூரையும் கழிப்பறையும் இரண்டாவது வரியில் இருக்கட்டும்.