மணம் போன பழைய பொம்மைக்கு வாசனை எண்ணெய் தடவலாமா?

வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "1980களில் வந்த ஸ்ட்ராபெரி ஷார்ட்கேக் பொம்மை ஒன்றைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். சின்ன வயதில் அதைக் கையில் எடுத்தாலே பழ வாசனை தூக்கும். இப்போது முகர்ந்தால் பழைய பிளாஸ்டிக் வாடைதான் வருகிறது. வாசனை எண்ணெய் வாங்கித் தடவினால் பழைய மணம் திரும்புமா?"

தடவாதீர்கள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நல்ல நிலையில் இருந்த பல பொம்மைகள் பாழானது இந்த ஒரு காரியத்தால்தான். மணத்தை ஓரளவு மீட்க வேறு வழி இருக்கிறது. அதற்கு முன்பு, அந்த மணம் எங்கே இருந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது.

இந்த வகைப் பொம்மைகளின் மெத்தென்ற பாகங்கள் பெரும்பாலும் வினைல், அதாவது பி.வி.சி. அது இயல்பில் விறைப்பான பிளாஸ்டிக். ரப்பர் போல இளகுவதற்காக எண்ணெய் மாதிரியான ஒரு திரவத்தை நிறையக் கலப்பார்கள். இளக்கி என்று வைத்துக்கொள்வோம். மெத்தென்ற வினைலின் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரைகூட இளக்கி இருக்கும். வாசனைப் பொருளும் அந்த எண்ணெய்ப் பசையோடு கலந்து பிளாஸ்டிக்கின் உள்ளேயே தங்கி, மெல்ல மெல்ல மேலே வந்து காற்றில் கலக்கிறது. நாற்பது வருடம் கழித்தும் சில பொம்மைகள் மணக்கக் காரணம் இதுதான்.

எல்லா வாசனையும் ஒரே வேகத்தில் போவதில்லை. பழ வாசனை தரும் பொருள்கள் பலவும் லேசானவை, சீக்கிரம் பறந்துவிடும். வெனிலா, பச்சௌலி என்ற வாசனைச் செடி போன்றவற்றின் மணம் கனமானது, போகவே போகாது என்பதுபோல் ஒட்டிக்கொண்டிருக்கும். ஹீ-மேன் பொம்மை வரிசையில் 1985இல் மேட்டல் நிறுவனம் விட்ட ஸ்டிங்கோர் என்ற பொம்மையின் பிளாஸ்டிக்கில் பச்சௌலி எண்ணெய் கலந்திருந்தார்கள். அது இன்றும் மணப்பதாகச் சேகரிப்பாளர்கள் சொல்வதில் எனக்கு வியப்பே இல்லை. உங்கள் பொம்மையில் ஸ்ட்ராபெரியின் புளிப்பு போய், மங்கலான ஓர் இனிப்பு வாடை மட்டும் மிஞ்சியிருக்கலாம்.

சரி, அது மிஞ்சியிருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? நன்றாகக் கழுவிக் காயவைத்த, எந்த வாடையும் இல்லாத கண்ணாடி ஜாடியில் பொம்மையைப் போட்டு மூடி, ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள். மறுநாள் வெளிக்காற்றில் சற்று நின்றுவிட்டு வந்து, மூடியைத் திறந்த உடனே ஒரே ஒரு முறை முகருங்கள். திரும்பத் திரும்ப முகர்ந்தால் மூக்கு மரத்துப்போகும். மணமே இல்லை என்று கைவிடப்பட்ட பொம்மைகள் இந்த ஜாடிச் சோதனையில் தேறியதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அடுத்தது குளியல். கைபட்ட அழுக்கும், மேலே கசிந்த இளக்கியில் ஒட்டிய தூசியும் சேர்ந்து ஒரு படலமாகப் படிந்திருக்கும். பழைய பிளாஸ்டிக் வாடையில் பாதி அங்கிருந்துதான் வருகிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் வாசனை இல்லாத சோப்பு இரண்டு சொட்டு விட்டு, மென்மையான துணியால் துடைத்தால் போதும். முகத்தின் பெயின்ட்டைத் தேய்க்காதீர்கள். கழுத்து மூட்டு வழியாகத் தலைக்குள் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். போனால் உள்ளே பூஞ்சை பிடிக்கும், உலோகப் பாகம் இருந்தால் துருவும் ஏறும். வெயிலிலோ ஹேர் டிரையரிலோ காயவைக்க வேண்டாம். சூடு பட்டால் மிச்சமிருக்கும் மணமும் வேகமாகப் போய்விடும். நிழலில் இரண்டு நாள் காயட்டும். இதற்கு மேல் எதுவும் தேவைப்படாமலே போகலாம்.

அப்படியும் போதவில்லை என்றால் மணத்தை ஆவியாக ஏற்றலாம். அதே ஜாடிக்குள் ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணம், அதில் பஞ்சு, பஞ்சில் இரண்டே சொட்டு ஸ்ட்ராபெரி வாசனை எண்ணெய். பஞ்சு பொம்மையைத் தொடக் கூடாது. மூடி, அறையின் குளுமையான மூலையில் மூன்று நாள் வையுங்கள். காற்றில் இருக்கும் எந்த வாடையையும் வினைல் இழுத்துக்கொள்ளும். வேண்டாத வாடை ஏறுவதும் அதனால்தான். அந்தக் குணத்தையே நமக்குச் சாதகமாக்கிக்கொள்கிறோம். தினம் ஒரு முறை திறந்து கன்னத்தை விரலால் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுத்தாலோ புதிதாகப் பளபளத்தாலோ உடனே வெளியே எடுத்துவிடுங்கள். இப்படி ஏற்றிய மணம் மேலோட்டமானது. ஆலையில் கலந்த மணம் போல வருடக்கணக்கில் நிற்காது, மங்கினால் மறுபடி ஏற்ற வேண்டியிருக்கும்.

எனக்குக் கேட்டால், பொம்மையின் உடலை விட்டுவிட்டு உடுப்புக்கும் தொப்பிக்கும் மட்டும் மணம் ஏற்றுவேன். துணியைத் தனியாகக் கழற்றி ஜாடியில் வைக்கலாம், பிடிக்காவிட்டால் துவைத்துவிடலாம். வெள்ளைத் துணிக்கு மட்டும் வெனிலா கலந்த எண்ணெய் வேண்டாம், நாளடைவில் பழுப்பேறும்.

தடவக் கூடாது என்று ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அந்தத் தவற்றை நானே செய்திருக்கிறேன். பல வருடம் முன்பு கெட்டியான பிளாஸ்டிக்கில் செய்த சின்னப் பொம்மை ஒன்றுக்கு ஒரு சொட்டு ஆரஞ்சு எண்ணெய் விட்டு, கட்டைவிரலால் பரப்பினேன். விரலை எடுத்தபோது என் ரேகை அதன் முதுகில் அப்படியே பதிந்திருந்தது. இன்றும் இருக்கிறது. ஆரஞ்சு, எலுமிச்சைத் தோல் எண்ணெய்களில் உள்ள லிமோனீன் என்ற பொருள், பாலிஸ்டைரீன் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். வினைல் அப்படிக் கரையாது, ஆனால் எண்ணெயைக் குடித்து உப்பி, ஆறாத பிசுபிசுப்போடு நிற்கும். பெயின்ட்டும் இளகும். சென்ட் அடிப்பதும் வேண்டாம், அதிலுள்ள ஆல்கஹால் இளக்கியை வெளியே இழுக்கும். உப்புத்தாளால் உரசினால் உள்ளே இருக்கும் மணம் வரும் என்பது உண்மைதான், ஆனால் உரசிய இடம் உரசியதுதான்.

இனி வைக்கும் இடம். மெல்லிய பாலித்தீன் பை வழியாக வாசனை கசிந்துவிடும். மூடிய கண்ணாடி ஜாடி, இருட்டு, குளுமை, இது போதும். மூடி வைத்தால் இளக்கி வெளியேறுவதும் குறையும். வினைல் பொம்மையைக் கெட்டிப் பிளாஸ்டிக் பொருள்களோடு ஒட்டி வைக்காதீர்கள், இளக்கி அதற்குள் ஊறித் தழும்பாக்கிவிடும்.

வீட்டில் கைக்குழந்தை இருந்தால் இந்தப் பொம்மை அதன் வாய்க்குப் போகக் கூடாது. இளக்கியாகச் சேர்த்த தாலேட்டுகள் சிலவற்றை அமெரிக்கா 2008இல் வந்த சட்டத்தில்தான் குழந்தைகளின் பொம்மைகளில் 0.1 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தியது. உங்களுடையது அதற்கு வெகுமுன் வந்தது.

அப்புறம், என்ன எண்ணெய், எந்தத் தேதியில் ஏற்றினீர்கள் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி ஜாடிக்கு வெளியே ஒட்டிவையுங்கள். நாளை நீங்கள் விற்றாலும் வேறொருவர் கைக்குப் போனாலும், அசல் மணம் எது, நீங்கள் சேர்த்தது எது என்று அவருக்குத் தெரிய வேண்டும்.