கால் எங்கே, மிஸ்யே? – வாசகர் கேள்வி பதில்

(பதில் சொல்பவர் மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர்; ‘மிஸ்யே’ என்றால் ஐயா)

கத்ர் போர்ன் வாசகர்: பெத்ரேன் காட்டுக்கு நாலு தடவை போய்விட்டேன். பிங்க் பிஜன் (இளஞ்சிவப்புப் புறா) கண்ணில் படுகிறது, படத்தில் மட்டும் கறுப்பு நிழலாக விழுகிறது. என்னிடம் இருப்பது 83 மடங்கு ஜூம் உள்ள நிக்கான் பி900. கேமராவை மாற்ற வேண்டுமா?

வேண்டாம், காசைப் பத்திரமாக வையுங்கள். பெத்ரேனில் மேகம் மூடிய வானம் டியூப்லைட் மாதிரி வெளுத்திருக்கும். வெளிச்சம் தாராளமாக இருக்கிறது என்று கேமரா ஏமாந்து, முன்னால் இருக்கிற புறாவை இருட்டாக்கிவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, +1-க்கு ஏற்றிப் பாருங்கள். அதைவிட நல்லது, இரண்டடி தள்ளி நின்று, புறாவுக்குப் பின்னால் வானத்துக்குப் பதில் இலை வருகிற மாதிரி பார்த்துக்கொள்வது. ஜூமைக் கடைசிவரை இழுக்காதீர்கள். இழுக்க இழுக்க லென்ஸுக்குள் வரும் வெளிச்சம் குறையும், கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும். நல்ல வேளையாக இந்தப் புறா அவசரக்காரப் பறவை இல்லை, உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். மகா சிவராத்திரி வாரத்தில் மட்டும் போகாதீர்கள். கிராண்ட் பசேன் புனித ஏரிக்குப் போகிற பெருங்கூட்டம் அந்த வழியாக நடக்கும்.

கேமராவுக்கு இது போதும். இதைவிட முக்கியமாக ஒன்று சொல்ல வேண்டும்: படத்தில் புறாவின் காலை வெட்டாதீர்கள். நான் வெட்டினேன்.

எனக்கு முதன்முதலில் நல்ல படம் கிடைத்த நாள். காலை ஏழரை மணி, பெத்ரேனிலிருந்து மக்காபே பக்கம் போகும் மண்பாதை. மழை அப்போதுதான் விட்டிருந்தது. பதினைந்து அடி தூரத்தில், என் முகத்துக்கு நேராக ஒரு கிளையில் புறா. தலையும் மார்பும், அலூடா என்கிற பால் பானத்தின் கிளாஸில் சிரப் கரையும்போது முதலில் வருமே, அந்த வெளிர் நிறம். இறக்கை பழுப்பு, வால் செம்பழுப்பு. கழுத்தில் இரண்டு மழைத்துளி உருளாமல் அப்படியே நின்றது. எல்லாம் சரி, காலைப் பார்த்தால் வளையங்கள்! ஒரு பக்கம் உலோகம், இன்னொரு பக்கம் கலர் பிளாஸ்டிக். கல்யாணப் பெண்ணின் கையில் ரப்பர் பேண்ட் மாட்டிவிட்டது போல எனக்கு எரிச்சலாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் மார்புக்குக் கீழே வெட்டி, பெரிதாகப் பிரிண்ட் போட்டு, கூடத்தில் மாட்டினேன். மெமரி கார்டையும் அழித்துவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து, காட்டில் பறவைகளைக் கண்காணிக்கும் வேலையில் இருக்கிற பையன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். என்னிடம் தமிழ் படித்தவன். படம் நன்றாக இருக்கிறது என்பான் என்று காத்திருந்தேன். அவன் உற்றுப் பார்த்துவிட்டு, "கால் எங்கே, மிஸ்யே?" என்றான்.

அந்த வளைய நிறங்களின் வரிசைதான் அந்தப் புறாவின் அடையாள அட்டை. எப்போது பிறந்தது, எந்தக் காட்டில் விட்டார்கள் என்பதெல்லாம் அதை வைத்துத்தான் தெரியும். 1990-ல் காட்டில் இந்தப் புறா பத்துக்கும் அதிகமாக இல்லை. காடு அழிந்தது ஒரு பக்கம், எலியும் பூனையும் குரங்கும் மறுபக்கம். கூண்டில் குஞ்சு பொரிக்க வைத்து, திரும்பக் காட்டில் விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகச் சில நூறாக்கியிருக்கிறார்கள். 2018-ல் அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் பட்டியலில் இதன் ஆபத்து ஒரு படி குறைந்தது. ஒவ்வொரு தலையாக எண்ணி வளர்த்த பறவை. அதன் எண்ணைத்தான் நான் கத்தரித்துப் போட்டேன். கூடத்தில் அந்தப் படம் இன்னும் தொங்குகிறது. வருகிறவர்கள் புகழும்போது நான் காப்பி போட உள்ளே போய்விடுவேன்.

த்ரியோலே வாசகி: மொபைலில் பறவையின் குரலைப் போட்டால் பக்கத்தில் வந்துவிடுமாமே, உண்மையா?

வரும், சண்டைக்கு வரும். தன் இடத்தில் வேறொருவன் புகுந்துவிட்டான் என்று நினைத்து, குஞ்சை விட்டுவிட்டு ஓடி வரும். அப்படி எடுத்த படத்தில் எனக்கு விருப்பம் இல்லை. உங்களுக்கு ப்ரா தோ காடு தூரமில்லையே, அங்கே போய் பாதை ஓரமாகச் சும்மா உட்காருங்கள். கோக் தே புவா தானாகவே எட்டிப் பார்க்க வரும். தமிழ்நாட்டு அரசவால் ஈப்பிடிப்பானுக்குச் சொந்தக்காரன், ஆனால் அந்த நீள வெள்ளை வால் இதற்குக் கிடையாது. தலை கருநீலமாக மின்னினால் ஆண், சாம்பலாக இருந்தால் பெண்.

குட்லண்ட்ஸ் வாசகர்: எங்கள் கொய்யா மரத்துக்குப் பச்சைக்கிளிக் கூட்டம் வருகிறது. பழத்தைக் கொத்தி எறிகிறது. மொரீஷியஸுக்கே உரிய எக்கோ கிளியா? விரட்டினால் குற்றமாகிவிடுமோ என்று என் மனைவி பயப்படுகிறாள்.

இல்லை ஐயா, அது நம் ஊர்க் கிளி. இந்தியாவில் கோயில் கோபுரப் பொந்தில் இருக்குமே, அந்த இனம். நம் பாட்டன் பூட்டன் போல அதுவும் கடல் கடந்து வந்து இங்கேயே தங்கிவிட்டது. எக்கோ கிளி பெரும்பாலும் தென்மேற்கு மலைக்காட்டைவிட்டு இறங்காது. பச்சை இன்னும் அடர்த்தி, வால் குட்டை, குரல் கனம். எளிதான அடையாளம் சொண்டு: எக்கோவில் பெண்ணின் மேல்சொண்டு கறுப்பு. உங்கள் வீட்டுக்கு வருவதில் ஆண், பெண் இரண்டுக்குமே சிவப்பு.

கையைத் தட்டி விரட்டுங்கள், உங்கள் வீட்டம்மாவைப் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். வலை போடுவதானால் கால் சிக்காத மாதிரி நெருக்கமான வலையாகப் போடுங்கள். கறுப்புச் சொண்டோடு ஏதாவது வந்து உட்கார்ந்தால் உடனே எனக்கு எழுதுங்கள். படமும் அனுப்புங்கள், காலோடு.